நான்காவது பாட்டில்

ஏழு மாதம் ஒரு ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு வேன் ஓட்டியிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். என் வாயில் ஒரு சமாசாரம் அரை மணி நேரம் தங்காது. ஆனால் இது அண்ணி சம்பந்தப்பட்டது, அண்ணி விஷயத்தில் நான் கொஞ்சம் வேறு ஆள்.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணனுக்குக் கப்பலில் இயந்திர வேலை; வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான் குடித்தனம். அண்ணி ஒரு ஒயின் கடையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். அதே கடையில் நான் வேன் ஓட்டுகிறேன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை ஒரு நாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் சண்டை வரும்போதெல்லாம் ‘நானா கேட்டேன்?’ என்று நன்றிகெட்டுப் பேசியிருக்கிறேன்.

அவர் அந்தக் கடைக்குள் நுழைந்தது பாட்டில் துடைக்கத்தான். துணியும் வாளியுமாகப் போனவர். தினமும் இத்தனை பாட்டிலைத் துடைக்கிறோமே, இதன்மேல் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். புரியாத வார்த்தைகளை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து, கை கழுவுவதற்குமுன் அகராதியைப் புரட்டுவார். ஐந்தாவது வருஷம் ஒருநாள், வாடிக்கையாளர் ஒருவர் என்னவோ கேட்க, கவுண்டரில் இருந்த ஆள் திருதிருவென்று முழிக்க, ஏணிமேல் நின்று துடைத்துக்கொண்டிருந்த அண்ணி அங்கிருந்தபடியே பதில் சொல்லிவிட்டார். கேட்டவர் அண்ணாந்து பார்த்து நன்றி சொன்னாராம். மறுநாள் முதலாளியம்மா வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அண்ணியைக் கவுண்டரில் நிறுத்தினார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரிவு நுரை பொங்கும் ஒயின். ஸ்பார்க்ளிங் ஒயின் என்று கடையில் சொல்வார்கள். நான் புதிதில் எல்லாவற்றையும் ஷாம்பெயின் என்றுதான் சொல்வேன், அதன்மேல் எந்த மரியாதையும் கிடையாது. ஒருநாள் பெட்டி இறக்கிக்கொண்டே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அண்ணி, சோடாவுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருக்கு. இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?”

“சோடாவுக்குக் காத்த வெளியிலேர்ந்து அடைப்பாங்க. இதுக்கு உள்ளேயே பொறக்கும். உக்காரு, சொல்றேன்.”

“வேன்ல இன்னும் இருபது பெட்டி கெடக்கு.”

“கெடக்கட்டும். வருஷக்கணக்கா கெடந்துட்டு வந்ததுதானே அது.”

சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடிவிடுவார்களாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். தின்று முடித்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு பாட்டில்கள் தரைக்கடியில், குளிரில், இருட்டில் படுத்துக் கிடக்கும். சிலது ஒன்றரை வருஷம், சிலது மூன்று, சிலது பத்து. செத்த ஈஸ்ட்தான் அதற்குச் சுட்ட ரொட்டியின் வாசனையைக் கொடுக்கிறதாம். பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, தினம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கிற அழுத்தமே அந்த வண்டலைப் பனிக்கட்டியாக வெளியே துப்பிவிடும். நான் கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“எல்லாமே இப்படியா?”

“இல்ல. பெரிய தொட்டியில மொத்தமா செய்யறதும் உண்டு. அதுல ரொட்டி வாசனை பெருசா வராது, பழ வாசனை தூக்கலா இருக்கும். வெலையும் கம்மி. மட்டம்னு நெனைச்சுடாத, அது வேற ரகம், அவ்வளவுதான். அப்புறம், ஷாம்பெயின்ங்கறது ஒரு எடத்தோட பேரு. அங்க செஞ்சாத்தான் அந்தப் பேரு. உன்னை மாதிரி ஆளுங்கதான் எல்லாத்தையும் அப்படிக் கூப்பிடறது.”

“உள்ள அழுத்தம் எவ்வளவு இருக்கும்?”

“கார் டயர்ல இருக்கறதப்போல ரெண்டு மூணு மடங்கு.”

டயர் என்று சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்தப் பெட்டிகளை எப்படியெல்லாம் தூக்கிப் போட்டிருக்கிறேன்! கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து வேகத்தடையைக் கண்டால், பிரசவத்துக்குப் போகிறவளை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரிதான் ஏறி இறங்குகிறேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையின் பின்னறையில் அண்ணியின் வகுப்பு. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு மட்டும். பன்னிரண்டு நாற்காலி, நீளமாக ஒரு மேஜை, வெள்ளைத் துணி. வருகிறவர்கள் ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர்கள் மாதிரிதான் வருவார்கள். தெரியாததைக் கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே என்று பயம். விலை அதிகமானதைக் காட்டி ‘இது நல்லதா?’ என்று மட்டும் கேட்பார்கள். அண்ணி அதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார்.

“யாருக்கு? எப்போ? எதோட சாப்பிடப் போறீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

பிறகுதான் லேபிளுக்கு வருவார். ‘புரூட்’ என்று இருந்தால் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. உப்புக் கடலை, வறுத்தது பொரித்தது எதோடும் போகும். ‘டெமி செக்’ என்று இருந்தால் நல்ல இனிப்பு. கேக் வெட்டும்போது அதுதான். நடுவில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று ஒன்று இருக்கிறது. டிரை என்றால் இனிப்பே இல்லாதது என்றுதானே யாரும் நினைப்போம்? அதுதான் இல்லை, அது புரூட்டைவிட இனிப்பு. அண்ணி இல்லாத நேரத்தில், இனிப்பே ஆகாது என்று சொன்ன ஒரு வாத்தியாருக்கு நான் பெரிய மேதாவி மாதிரி அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மனுஷர் மறுநாள் வந்து, கடைக்கு நடுவில் என்னை நிற்கவைத்துப் பாடம் நடத்திவிட்டுப் போனார்.

திறப்பதற்கு அண்ணி ஒரு முறை வைத்திருக்கிறார். நன்றாகக் குளிரவைத்த பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மற்றக் கையால் பாட்டிலைத் திருப்புவார். “கார்க்கைத் திருகாதீங்க, பாட்டிலைத் திருப்புங்க. டமால்னு வெடிச்சா அது சினிமா. உஸ்ஸுனு வந்தா அது ஒயின்.”

அப்புறம் இரண்டு கிளாஸ். ஒன்றை வெந்நீரில் மூன்று தடவை அலசி, யார் கையும் துணியும் படாமல் காயவைத்திருப்பார். இன்னொன்றைச் சாதாரணப் பருத்தித் துண்டால் துடைத்திருப்பார். இரண்டிலும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றுவார். முதல் கிளாஸில் நுரை அடங்கியதும் ஒன்றுமே இருக்காது, தண்ணீர் மாதிரி நிற்கும். துண்டால் துடைத்த கிளாஸில் அடியிலிருந்து முத்துச்சரம் மாதிரி குமிழி ஏறிக்கொண்டே இருக்கும். துண்டிலிருந்து ஒட்டிக்கொண்ட, கண்ணுக்கே தெரியாத நூல் துணுக்கு. அதில் சிக்கியிருக்கும் துளிக் காற்றிலிருந்துதான் அத்தனை குமிழியும் கிளம்புகிறது. “குமிழி வரலன்னு நல்ல ஒயினக் கொட்டிடாதீங்க. கிளாஸ் ரொம்ப சுத்தமா இருக்குன்னு அர்த்தம்” என்பார். இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஒரு அழுக்குத் துணுக்கிலிருந்து இவ்வளவு அழகு கிளம்புமா என்று இருக்கும்.

இப்படிப்பட்ட அண்ணிக்குத்தான் மூக்கு போனது.

ஒரு காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துக் கிடந்தார். எழுந்ததும் வழக்கம்போல எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் புகை. அண்ணி இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். மேஜையில், நான் இஸ்திரிக்குக் கொடுத்திருந்த நீலச் சட்டையின் முதுகு கருகிக்கொண்டிருக்கிறது. நாலு வீடு தள்ளி இருப்பவருக்கு மூக்கில் ஏறும் அந்த நாற்றம், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஏறவில்லை.

“அண்ணி, சட்டை.”

திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். பிறகு கருகிய துணியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர், வரலாம் வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி வேனில் ஏறிய பிறகு, “யாருக்கும் தெரிய வேணாம் தம்பி. உங்க அண்ணனுக்கும் வேணாம். தெரிஞ்சா வேலைய விடச் சொல்லி அங்கேர்ந்தே கத்துவாரு” என்றார்.

காரணம் அது மட்டும் இல்லை. முதலாளியம்மா பெரிய தெருவில் இரண்டாவது கடை திறக்க இருந்தார். அதற்குப் பொறுப்பாக வருகிறவர்தான் இனி சரக்கைத் தேர்ந்தெடுப்பார் என்றும், வருஷத்துக்கு ஒருமுறை ஒயின் செய்கிற இடங்களுக்கே போய், அந்தப் பாதாள அறைகளில் நின்று, ருசித்துப் பார்த்து வாங்கி வருவார் என்றும் சொல்லியிருந்தார். அண்ணி இருபத்திரண்டு வருஷமாக அந்த அறைகளைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. படுத்துக் கிடக்கிற ஆயிரக்கணக்கான பாட்டில்களுக்கு நடுவில் ஒரு தடவை நடந்துபார்க்கவேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. அந்த இடம் அவருக்குத்தான் என்று கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மூக்கு போனது.

அதற்கப்புறம் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு அடங்கவில்லை. ஒயினைக் காதில் கேட்க ஆரம்பித்தார். கிளாஸைக் காதோரம் வைத்துக்கொண்டு, குமிழி பொடிசா பெரிசா, சீக்கிரம் அடங்குமா நின்று பேசுமா என்று சொல்லிவிடுவார். வாயில் ஒரு மடக்கு வைத்துக்கொண்டு, தாடை ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பதை வைத்துப் புளிப்பைப் பிடிப்பார். இனிப்பு எடுத்ததும் தெரியும், கசப்பு கடைசியில். வாசனையை மட்டும் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வார். எந்த ஊர், எந்த வருஷம், எவ்வளவு நாள் வண்டலில் கிடந்தது என்று தெரிந்தால் அவருக்குள்ளே அந்த வாசனை எழுதிவைத்த மாதிரி இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவரிடம் வழியில்லை. எப்போதாவது ஒரு பாட்டிலில் கார்க் கெட்டுப்போய், ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் ஏறிவிடும். குமிழியில் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. மூக்கு ஒன்றுதான் சொல்லும்.

“நனைஞ்ச அட்டப்பெட்டியா?” என்றேன். “அண்ணி, பதினஞ்சு வருஷமா நான் வேற என்னத்தத் தூக்கியிருக்கேன்?”

அப்படித்தான் என் மூக்கு வேலைக்குச் சேர்ந்தது. சனிக்கிழமை வகுப்பில் கூடமாட உதவ நான் இருக்கட்டும் என்று அண்ணி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டார். பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுப்பார். நான் ஓர மேஜையில் ஒரு சொட்டு ஊற்றி, குனிந்து துடைக்கிற மாதிரி மோந்து பார்ப்பேன். நல்லதென்றால் லேபிள் அவரைப் பார்க்கும்படி வைப்பேன். கெட்டதென்றால் என்னைப் பார்க்கும்படி. ஏழு மாதத்தில் இரண்டு பாட்டில்தான் என்னைப் பார்த்தது. இரண்டையும் அண்ணி ஏதோ சாக்குச் சொல்லி ஒதுக்கிவிட்டார்.

முதலாளியம்மா ஒரு சனிக்கிழமை வகுப்பில் வந்து உட்காரப்போவதாகவும், திங்கட்கிழமை புதுக் கடையைப் பற்றிச் சொல்வதாகவும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை காலை நான் எழுந்திருக்கும்போதே மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டிருந்தது. ஆவி பிடித்தேன், தைலம் தடவினேன், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணியிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் இஸ்திரி போட்ட சேலையில், முகத்தில் ஒரு ஒளியோடு வந்து வேனில் ஏறியதைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. ஏழு மாதத்தில் இரண்டு பாட்டில். இன்றைக்கென்று பார்த்தா வரப்போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இதைவிட மடத்தனம் நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலாளியம்மா ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் வரிசையின் கடைசியில், தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கிற வேலை பார்க்கும் ஒரு அம்மா. மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல பாட்டில் வாங்கிப் போகவேண்டும், எதை வாங்குவதென்றே தெரியவில்லை என்று வரும்போதே அண்ணியிடம் ரகசியம் மாதிரி சொன்னார். அவருக்கு அந்த இடத்தில் உட்காரவே கூச்சம்.

முதல் மூன்று பாட்டிலும் அமர்க்களமாகப் போனது. நான் ஒவ்வொன்றையும் வெறுமனே மோந்து, ஒன்றும் தெரியாமல், லேபிளை அண்ணி பக்கம் திருப்பி வைத்தேன். நான்காவதையும் அப்படியே வைத்தேன்.

“இது அஞ்சு வருஷம் வண்டல்ல கெடந்தது” என்று சொல்லிக்கொண்டே அண்ணி எல்லோருக்கும் ஊற்றினார். “மொதல்ல பச்சை ஆப்பிள் வரும். பின்னாலயே சுட்ட ரொட்டி வரும். பாருங்க.”

எல்லோரும் கிளாஸில் மூக்கை வைத்தார்கள். ஆமாம் ஆப்பிள் என்றார் ஒருவர். ரொட்டி பிரமாதம் என்றார் இன்னொருவர். முதலாளியம்மா ஒரு தடவை மோந்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, “ரொட்டி நல்லா தூக்கலா இருக்கு” என்றார்.

பார்சல்கார அம்மா மட்டும் கிளாஸை மூக்கிலிருந்து எடுத்து, மேஜையில் வைத்து, யாருக்கும் தெரியாமல் ஒரு விரற்கடை தள்ளிவைத்தார். மூக்கு போனதிலிருந்து அண்ணிக்குக் கண் கூர்மையாகிவிட்டது.

“உங்களுக்கு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

“குடிக்கவே இல்லையே.”

“எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லீங்க. எனக்குத்தான் தெரியல.”

“தெரியாதது இருக்கட்டும். என்ன வாசனை வந்துச்சு? மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க.”

அந்த அம்மா பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார். “சொன்னா சிரிப்பீங்க. மழையில நனைஞ்சு, ரெண்டு நாள் மூலையில கெடந்த அட்டப்பெட்டி மாதிரி.”

சிரித்தார்கள். முதலாளியம்மாவும் சிரித்தார். “மொதல் தடவை அப்படித்தாம்மா இருக்கும். போகப்போகப் பழகிடும்.”

“ஆமாங்க, என் மூக்கு அப்படி. நாள் பூரா அட்டப்பெட்டியோடயே இருக்கறதுல அந்த நாத்தம் உள்ளேயே தங்கிடுச்சு போல” என்று அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, குடிப்பதற்காகக் கிளாஸை எடுத்தார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்திருக்கலாம், ஜன்னலைப் பார்த்திருக்கலாம். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், போதாததற்கு அந்த நேரம் பார்த்து மூக்கை உறிஞ்சினேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அண்ணி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. முதலாளியம்மாவே வழி போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு புன்சிரிப்பு, அடுத்த பாட்டில், திங்கட்கிழமை புதுக் கடை, அடுத்த வருஷம் பாதாள அறை. பதினொரு பேரும் முதலாளியம்மாவும் ரொட்டி என்று சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு அம்மா மட்டும் நனைந்த அட்டையைக் குடித்துவிட்டு, நல்ல ஒயின் என்றால் இதுதான் என்று நம்பிக்கொண்டு போவார். தன் மூக்கு எதற்கும் உதவாது என்று ஆயுசு முழுக்க நம்புவார். வேறு ஒரு நஷ்டமும் யாருக்கும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அண்ணி எட்டி, அந்த அம்மாவின் கிளாஸ்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“குடிக்காதீங்க. உங்க மூக்கு சரியா இருக்கு. இந்த பாட்டில்தான் கெட்டுப்போச்சு.”

கிளாஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“கார்க்குல வர்ற கோளாறு. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒயினோட வாசனையக் கொன்னுடும். நான் சொன்ன ஆப்பிளும் ரொட்டியும் இதுல இல்ல.”

“எனக்கு ஆப்பிள் வந்துச்சே” என்றார் நடுவில் இருந்த ஒருவர்.

“நான் சொன்னேன், அதனால வந்துச்சு.” அண்ணி அதோடு நிறுத்தவில்லை. “எனக்கு ஏழு மாசமா எந்த வாசனையும் தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. இவ்வளவு நாளும் ஞாபகத்துலேர்ந்துதான் சொல்லிட்டு இருந்தேன். இந்த ரூம்ல மூக்கால மோந்து பாத்தது இவங்க ஒருத்தர்தான்.”

“மேடம், தப்பு என்னோடது, எனக்கு ஜலதோஷம், நான்தான் பாட்டிலை…” என்று நான் உளற ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு” என்றார்கள் அண்ணியும் முதலாளியம்மாவும் ஒரே நேரத்தில்.

முதலாளியம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கிளாஸை எடுத்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். முகம் மாறிவிட்டது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

வகுப்பை அண்ணி பாதியில் விடவில்லை. ஐந்தாவது பாட்டிலைத் திறந்து, முதலில் பார்சல்கார அம்மாவுக்கு ஊற்றினார். “இனிமே நீங்க சொன்னாத்தான் மத்தவங்களுக்கு.” அந்த அம்மா ரொம்ப நேரம் மோந்தார். “காலங்காத்தால ரொட்டிக் கடை ஷட்டரத் தூக்கும்போது குப்புனு வருமே, அது. கூடவே எலுமிச்சம்பழத் தோலக் கிள்ளின மாதிரி ஒண்ணு” என்றார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நிற்பை என்னால் மறக்கமுடியவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு புது வாசனை கிடைத்திருக்கிறது. மகளுக்கென்று அந்த அம்மா வாங்கிப்போனது அந்த ஐந்தாவது ரகத்தைத்தான். யாரையும் கேட்காமல் அவரே எடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளியம்மா அண்ணியைக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே பெட்டி அடுக்குகிற சாக்கில் நின்றேன்.

“புதுக் கடைய உன்கிட்டத் தர முடியாது. வாங்கற வேலைக்கு மூக்கு வேணும்.”

“தெரியும் மேடம்.”

“சனிக்கிழமை கிளாஸ் உன்னோடதுதான். அதுல மாத்தமில்ல.”

“சரிங்க மேடம்.”

அவ்வளவுதான் பேச்சு. பாதாள அறைகளைப் பார்க்க வேறு ஒருவர் போகிறார், பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. அன்று மாலை வேனில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணி அழுதார். அண்ணன் கப்பல் ஏறும்போதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“அந்த எடத்த ஒரு தடவை பாத்திருக்கணும் தம்பி” என்றார்.

என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. மூக்கடைத்தால் சொல்லித்தொலைக்க வேண்டியதுதானே என்று மட்டும் கேட்டார். ஏழு மாசம் நீங்கள் சொன்னீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். பன்னிரண்டு நாற்காலியும் நிரம்பி, நான் இன்னொன்றைத் தூக்கிவர வேண்டியதாயிற்று. அந்தப் பதின்மூன்றாவது முதலாளியம்மாவுக்கு. ஓரமாகப் போடப்போனேன். வேண்டாம் என்று வாங்கி, முதல் வரிசையில் புதியவர்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணி மேஜைக்குப் பின்னால் நின்று, “எனக்கு மூக்கு இல்ல. அதனால இது இப்படி இருக்கும், அப்படி இருக்கும்னு நான் முன்கூட்டியே சொல்லமாட்டேன். நீங்கதான் எனக்குச் சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

முதலாளியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தையல்காரர் குனிந்து, “நீங்களும் மொதல் தடவையாங்க?” என்று கேட்டார்.

“கடையே என்னோடதுதான்” என்றார் முதலாளியம்மா, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி. “முப்பது வருஷமா மோந்து பாத்துதான் வியாபாரம். போன வாரம் இவங்க ரொட்டின்னாங்க, நானும் ரொட்டின்னேன். இவங்களுக்கு மூக்கு இல்ல. எனக்கு இருந்துச்சே.”

அண்ணி முதல் பாட்டிலைத் திறந்து, முதல் கிளாஸை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்.”

முதலாளியம்மா கிளாஸில் மூக்கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.